பக்கத்து துரித உணவுக் கடையின் எக்ஸாஸ்ட் ஃபேன்: தூங்கவும் முடியவில்லை, நிரூபிக்கவும் முடியவில்லை

மாடிவீட்டுக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாடியில் பதினோரு வருடமாக இருக்கிறோம். எங்கள் சுவரை ஒட்டிய கட்டடத்தில் முன்பு புத்தக பைண்டிங் நடந்தது, இருக்கிற இடமே தெரியாது. ஏழு மாதத்துக்கு முன் அங்கே ஒரு துரித உணவு நிறுவனத்தின் கிளை வந்தது. திறந்த அன்று நானே போய்ச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்களுடைய எக்ஸாஸ்ட் குழாய் என் படுக்கையறை ஜன்னலுக்கு நாலடி கீழே வந்து முடிகிறது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. துவைத்துக் காயப்போட்ட துணி காய்வதற்குள் பொரித்த எண்ணெய் வாடை ஏறிவிடுகிறது. ஜன்னலைச் சாத்தினால் வாடை குறையும், ஆனால் அப்போதுதான் ஓர் உறுமல் தெரியும். தலையணையில் காதை வைத்தால் கூடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. கடையை 11 மணிக்குச் சாத்துகிறார்கள். ஃபேன் 1 மணி வரை ஓடுகிறது.

மேலாளரிடம் மூன்று தடவை போனேன். முதல் தடவை சிரித்த முகத்தோடு கூப்பன் கொடுத்தார். இரண்டாம் தடவை வீட்டுக்கே அழைத்து வந்தேன். ஜன்னலருகே நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, “ஒண்ணும் வரலையே மேடம்” என்றார். மூன்றாம் தடவை வாடிக்கையாளர்கள் பார்க்கக் கத்திவிட்டேன். அது என் தப்புதான். அன்றிலிருந்து “எழுத்துல குடுங்க” என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது.

கைப்பேசிச் செயலியில் அளந்தால் 36 டெசிபல்தான் காட்டுகிறது. என் கணவர் படுத்ததும் தூங்கும் ரகம். “36 எல்லாம் ஒரு சத்தமா, மனசுலதான் கேட்குது உனக்கு” என்கிறார். ஏழு மாதமாகக் கேட்டுக்கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் கற்பனை செய்கிறேனா?

டக்ட்வேலை:

கற்பனை இல்லை, சகோதரி. ஓட்டல் சமையலறை எக்ஸாஸ்ட் மாட்டுவதும் கழற்றுவதும்தான் எனக்கு 14 வருடமாகப் பிழைப்பு.

முதலில் அந்த 36. செயலிகள் பெரும்பாலும் ‘ஏ’ அளவுகோலில் காட்டும். அது கீழ்ஸ்தாயி ஒலியைக் கழித்துவிட்டுக் கணக்கு சொல்லும். 100 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் ஏறக்குறைய 19 டெசிபல் கழியும். உங்கள் தொல்லையே அந்த உறுமல்தான். செயலியில் கீழ்ஸ்தாயியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவுகோல் இருந்தால் மாற்றிப் பாருங்கள், எண் எகிறும். போன் மைக் அவ்வளவு நம்பகமில்லை, இருந்தாலும் வித்தியாசம் தெரியும். உங்கள் வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல்படி, படுக்கையறைக்குள் இடைவிடாத சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது. கீழ்ஸ்தாயி என்றால் அதைவிடவும் குறைய வேண்டும்.

தலையணையில் கூடுகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. சத்தம் காற்றில் மட்டும் வரவில்லை, சுவர் வழியாகவும் வருகிறது. ஃபேனை, அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் மவுண்ட் இல்லாமல் சுவரில் இறுக்கியிருப்பார்கள், அல்லது இருந்த ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும். இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் பிசுக்கு படிந்தாலும் எடை ஏறுமாறாகி அதிரும். சுரண்டிக் கழுவினாலே பாதித் தொல்லை போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேலாளர் பொய் சொன்னார் என்றும் நினைக்க வேண்டாம். ஒரே வாடையில் சில நிமிடம் நின்றாலே மூக்கு மரத்துவிடும். அவர் நாள் முழுக்க அதிலேயே நிற்கிறார். வீட்டுக்கு வரவழைப்பதென்றால் அவருடைய விடுமுறை நாளில் வரவழையுங்கள்.

வாடை தனிக் கதை. அடுப்புக்கு மேலிருக்கும் ஃபில்டர் எண்ணெய்த் துளிகளைத்தான் பிடிக்கும், ஆவியாக வரும் வாடையைப் பிடிக்காது. அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும். அதுவும் பிசுக்கு முன்னாலேயே வடிகட்டப்பட்டால்தான், இல்லையென்றால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சரியான தீர்வு, குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் நேராக மேல்நோக்கி விடுவது. வாயில் குடை மாதிரி மூடி போட்டால் புகை மறுபடி கீழேதான் வரும்.

நிரூபிக்க ஒரே வழி: ஃபேனை இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், கையில் போன். அவ்வளவுதான்.

நேர்மையே_பலம்:

இதெல்லாம் பேசித் தீராது. நேரா கேஸ் போடுங்க.

முன்னாள்ஷிப்ட்:

கேஸ் போடலாம், தீர்ப்பு வரும்வரை ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அக்கா, நான் இதே மாதிரி கடையில் நாலு வருடம் இரவு ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன். 11 மணிக்குமேல் ஃபேன் எதற்கு ஓடுகிறது தெரியுமா? பொரிக்கிற அடுப்புகளை அணைத்து அவை ஆறும்வரை ஓட வேண்டும், நியாயம். அதன் பிறகு தரை கழுவி, கணக்கு முடித்து, கடைசி ஆள் கிளம்பும்போதுதான் எல்லா சுவிட்சையும் ஒன்றாக அணைப்பார்கள். நடுவில் யாருக்கும் அது ஞாபகம் வராது. எங்கள் கடையில் அந்த சுவிட்ச் ஃப்ரீசருக்குப் பின்னால் இருந்தது!

குழாயை மாற்றும் அதிகாரம் மேலாளருக்குக் கிடையாது. அதற்குக் கிளை முதலாளிக்கும் கட்டட உரிமையாளருக்கும் எழுதுங்கள், நகலை உள்ளாட்சி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஆனால் ஃபேனை எப்போது அணைப்பது என்பது மேலாளர் கையில்தான் இருக்கிறது. அதை மட்டும் முதலில் கேளுங்கள். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போங்கள்.

டக்ட்வேலை:

தம்பி சொல்வது சரி. இன்னொன்று: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டினால், வேகத்தை 20 சதவீதம் குறைக்கும்போது சத்தம் சுமார் 5 டெசிபல் குறையும், மோட்டார் இழுக்கும் மின்சாரமோ கிட்டத்தட்டப் பாதியாகும். முதலாளிக்கு எழுதும்போது மின்சாரத்தை முதல் வரியில் வையுங்கள், உங்கள் தூக்கத்தை இரண்டாவது வரியில்.

மாடிவீட்டுக்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஒரு மதியம் 4 மணிக்குப் போனேன். முதலில் அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். தொண்டையில் சிக்கியது, இருந்தாலும் கேட்டேன். அப்புறம் ஃபேன் சோதனை. கணவர் மாடியில் தலையணையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார், போன் ஸ்பீக்கரில். மேலாளர் அணைத்ததும் மேலேயிருந்து பேச்சே இல்லை. அரை நிமிடம் கழித்து கணவர், “ஐயோ, இவ்வளவு நேரம் இது ஓடிக்கிட்டா இருந்தது?” என்றார். மேலாளரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது 11:20க்கு அணைக்கிறார்கள். ரப்பர் மவுண்ட் இல்லவே இல்லையாம், போட ஆள் வரப்போகிறது. வாடை அப்படியேதான் இருக்கிறது. குழாய்க்காக முதலாளிக்கும் கட்டடக்காரருக்கும் எழுதியிருக்கிறேன், மின்சாரம் முதல் வரியில். பதில் இன்னும் வரவில்லை.

வந்த ஒரே வினை: 11:20க்கு ஃபேன் நிற்கவில்லையென்றால் இப்போது எனக்கு முன்னால் என் கணவர்தான் எழுந்து உட்காருகிறார்.