மவுண்டன் பைக் சைக்கிளுக்கு எத்தனை மி.மீ. ட்ராவல் (சஸ்பென்ஷன் அமுங்கற தூரம்) வேணும்? நேர்ல பாத்ததச் சொல்லுங்க

மாங்கரைக்காரன்:
போன வாரம் பாத்தது இன்னும் மனசுலயே நிக்குதுங்க. மாங்கரை டீக்கடையில ஒரு தம்பி வந்து நின்னாப்ல, காலேஜ் வயசு. எண்டியூரோ வண்டி, செங்குத்தான எறக்கத்துக்குன்னு செஞ்சது, முன்னாலயும் பின்னாலயும் 160. ஆனைகட்டி ரோட்டு ஏத்தத்துல மிதிக்க மிதிக்க அது மேலயும் கீழயும் ஆடறதப் பாத்துட்டுதான் வந்திருந்தேன். வேற எங்க ஓட்டுவீங்கன்னு கேட்டா, ஊர்ல இட்டேரி மண்பாதையில, அவ்வளவுதான்னாப்ல. குனிஞ்சு ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் புடிச்சிருக்கற சஸ்பென்ஷன் காலைப் பாத்தேன். எவ்வளவு அமுங்குச்சுன்னு காட்டற ரப்பர் வளையம் பாதிக்குக்கூட ஏறல. அதுக்குக் கீழ பளபளன்னு இருக்குது, மேல செம்மண் தூசி அப்படியே படிஞ்சு கெடக்குது. அவரு ஃபோன்ல 170 ஃபோர்க் ஒண்ணைக் காட்டி, "இதை மாட்டுனா ஏத்தம் லேசாகுங்களா அண்ணா"ன்னு கேட்டாப்ல. நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள கூட வந்தவங்க கூப்பிட்டாங்க, கெளம்பிட்டாப்ல.

ஏற்காடு எறக்கம்:
வளையம் ஏறலீன்னா ட்ராவல் ஜாஸ்தின்னு முடிவு கட்டிறாதீங்க அண்ணா. ஃபோர்க்ல காத்து ஜாஸ்தியா அடிச்சிருந்தாலும் ஏறாது. இங்க காபித் தோட்டத்துக் கல்லுப் பாதையில கூட்டாளி 120 வண்டியில எனக்கு முன்னால எறங்குனாரு. வேரைத் தாண்டுனதும் முழங்கால் ஒசரப் பாறை. 'டங்'குன்னு ஒரு சத்தம், ஃபோர்க் அடி வரைக்கும் போய் முட்டிருச்சு, ஒரு கை ஹேண்டில்பார விட்டே தெறிச்சிருச்சு. எப்படியோ விழாம நிப்பாட்டிட்டாரு. அந்த எடத்துக்கு 150 இல்லாம ஆகாதுங்க. எல்லாரையும் 100க்கு எறக்கி விடாதீங்க.

மாங்கரைக்காரன்:
100ன்னு நான் எங்கீங்க சொன்னேன்?

காங்கேயத்து அம்மா:
ரெண்டு பேரும் நம்பரையே புடிச்சுத் தொங்கறீங்க. எம்பையன் சைக்கிள் ஃபோர்க்ல 80ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது. நான் முழு பலத்தோட அமுக்குனா ரெண்டு வெரக்கடை எறங்குது. அவன் ஏறி ஒக்காந்தா அசையறதே இல்ல. உள்ள இருக்கிற ஸ்பிரிங் பெரியவங்க எடைக்கு வெச்சது. கொரங்காட்டுச் சுக்காங்கல்லுல ஓட்டிட்டு வந்து செவந்த உள்ளங்கையை நீட்டறான். அந்த 80 யாருக்குன்னு கேக்கறேன்.

வாய்க்கால்மேடு:
சென்னிமலைப் பக்கம் ஒருத்தர் 100 ஃப்ரேம்ல 140 ஃபோர்க் மாட்டிட்டு வந்தாரு. ஏத்தத்துல முன்சக்கரம் மண்ணுல நிக்காம அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சுது. நான் பாத்தது அவ்வளவுதான்.

ஆனா இதைச் சொல்லியே ஆகணும். கீழ்பவானி வாய்க்கால் கரை, இட்டேரி, ரோட்டு ஏத்தம் இதுக்கெல்லாம் 100, மிஞ்சிப் போனா 120. ஏத்தமும் எறக்கமும் கல்லும் கலந்து வந்தா 130, 140. செங்குத்தா எறங்கறதுக்குன்னே போறவங்களுக்கு 150, 160. 200 டவுன்ஹில் வண்டிக்கு, அதுல ஏத்தம் மிதிக்கற நெனப்பே வேண்டாம். எதை வாங்குனாலும் சேக், அதாவது நம்ம எடைக்கே சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குதுன்னு பாக்காம ஓட்டாதீங்க. ஹெல்மெட், தண்ணிப் பை எல்லாத்தோட பெடல்ல ஏறி நின்னு, இன்னொருத்தரை விட்டு வளையத்தைக் கீழ தள்ளச் சொல்லி, குலுக்காம எறங்கி, வளையம் எவ்வளவு தூரம் ஏறியிருக்குதுன்னு அளங்க. முன்னால ட்ராவல்ல 20 சதவீதம், பின்னால 25ல இருந்து 30. 160 ஃபோர்க்குன்னா 32 மி.மீ. வரணும். அதுக்குக் கம்மியா இருந்தா ஃபோர்க் காத்தை எறக்குங்க. அப்படி எறக்கியும் கரடுமுரடான எடத்துல வளையம் பாதியத் தாண்டலீன்னா, அந்த வண்டி அந்தப் பாதைக்கு ஜாஸ்திதான். ஏற்காட்டுக்காரரு சொல்றதும் மாங்கரைக்காரரு சொல்றதும் அங்கதான் சேருது. அந்தத் தம்பி கேட்டதுக்கு: 170 மாட்டுனா முன்பக்கம் இன்னும் ஒசரும், ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் நிக்கற கோணம் இன்னும் சாயும், ஏத்தம் கஷ்டமாத்தான் ஆகும். ஃப்ரேமுக்குக் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டவே தாண்டாதீங்க, ஃபோர்க் சேர்ற ஹெட்டியூப் வெல்டுக்கு ஆகாது. அம்மா, பையனுக்கு டயர் காத்தைக் கொறைங்க, கை எரிச்சல் பாதி அதுலயே போயிரும். அடுத்த வண்டி வாங்கறப்ப அவன் எடைக்குக் காத்து வெச்சுக்கற ஏர் ஃபோர்க்காப் பாருங்க.

காங்கேயத்து அம்மா:
டயர் காத்தைக் கொறைச்சுப் பாக்கறனுங்க. ஆனா கருவேல முள்ளு இங்க ஜாஸ்தி, டியூப்புக்கு என்ன பண்றீங்க எல்லாரும்?

புதுசு, திருப்பூர்:
ஏர் ஃபோர்க்குக்குச் சாதாரணப் பம்ப் ஆகாதுன்னு கடையில சொல்லிட்டாங்க. அவிநாசிப் பக்கம் யாருகிட்டயாவது ஷாக் பம்ப் இருக்குங்களா? ஞாயித்துக்கெழம வந்து வாங்கிட்டு அன்னிக்கே குடுத்தர்றேன்.