18 வருஷ மெயில் முகவரியை எப்படி விடுவது?

செங்கோட்டை மண்டிக்காரர்:
காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். ஆரியங்காவு தாண்டி புனலூர், கொட்டாரக்கரை வியாபாரிகளுக்குத்தான் தினமும் லோடு போகிறது. 2007-ல் பிரவுசிங் சென்டர் பையன் திறந்து கொடுத்த யாஹூ மெயில்தான் இன்றுவரை, பில் புக், ரப்பர் ஸ்டாம்ப், ஜிஎஸ்டி, பேங்க் எல்லாவற்றிலும் அதே முகவரி. மகன் ஜிமெயில் என்கிறான், தம்பி மகனோ சோஹோவுக்கு மாறுங்கள், பக்கத்தில் மத்தளம்பாறையிலேயே ஆபீஸ் இருக்கிறதே என்கிறான். பழையதன் மேல் பெரிய பாசமில்லை, ஆனால் மாற்றவும் கை வரவில்லை. நீங்கள் எப்படி மாறினீர்கள்?

தென்காசி வாசி:
அண்ணாச்சி, நான் மாறியது ஜிமெயில் வந்த புதிதில். 2004 ஏப்ரல் 1-ல் அவர்கள் 1 ஜிபி என்று அறிவித்தபோது ஹாட்மெயிலில் 2 எம்பி, யாஹூவில் 4 எம்பிதான். கல்யாண போட்டோ நாலு வந்தால் பெட்டி நிறைந்துவிடும், பழையதை அழித்தால்தான் அடுத்தது உள்ளே வரும். அந்த வருஷமே யாஹூ 100 எம்பி, ஹாட்மெயில் 250 எம்பி என்று ஏற்றின. அதுதான் நிஜப் போட்டி. இப்போது எல்லாரிடமும் இடம் கிடக்கிறது, அதற்காக யார் மாறுவார்கள்?

புனலூர்த் தமிழன்:
யாரும் விசுவாசத்தால் தங்கவில்லை. செல் நம்பரை 2011-லிருந்து எந்தக் கம்பெனிக்கும் கொண்டுபோகலாம், மெயில் முகவரியின் பின்பாதி கம்பெனி பெயர், அது நம்மோடு வராது. என் பழைய மெயிலை ரொம்ப நாள் திறக்காமல் விட்டேன், கணக்கையே அழித்துவிட்டார்கள். அப்பா துபாயிலிருந்து எழுதியதெல்லாம் அதில்தான் இருந்தது. "தங்கச்சிக்குக் கம்மல் வாங்கியாச்சு, அம்மாகிட்ட இப்போ சொல்லாதே" என்று ஒரு மெயில், அது மட்டுமாவது பிரிண்ட் எடுத்து வைத்திருக்கலாம். கூகுளிலும் 2 வருஷம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று விதி இருக்கிறது, ஜாக்கிரதை.

கடையநல்லூர்க்காரன்:
அண்ணாச்சி, கடை பெயரில் ஒரு டொமைன், அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர், சொந்தமாக வாங்கிவிடுங்கள். சோஹோவில் வைத்தாலும் சரி, நாளைக்கு வேறெங்கே போனாலும் சரி, முகவரி உங்களுடையது. முதலில் பேங்கிலும் ஜிஎஸ்டியிலும் மாற்றுங்கள், ஓடிபி வருவது அங்கிருந்துதான். பழையதை உடனே மூடாதீர்கள். யாஹூவில் இலவசக் கணக்குக்குத் தானாக ஃபார்வர்ட் ஆகும் வசதி 2021-லேயே நின்றுவிட்டது, அதனால் தினம் ஒரு தடவை நீங்களேதான் திறந்து பார்க்க வேண்டும்.

செங்கோட்டை மண்டிக்காரர்:
சரி தம்பி, டொமைன் வாங்க மகனிடம் சொல்லிவிட்டேன். பழைய பில் புக் இன்னும் நாற்பது கிடக்கிறது, அது தீரும்வரை யாஹூவும் இருக்கட்டும்.