டாம்ஸ் ஆஃப் மெய்ன் பற்பசை: சுற்றுச்சூழல் வாக்குறுதிகளில் எதை நம்பி வாங்கலாம்?

கேள்வி: பாஸ்டன்வாசி

அனைவருக்கும் வணக்கம். மாசசூசெட்ஸில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சிலர் ஒன்றுசேர்ந்து, வீட்டுக்கு வேண்டிய சில பொருள்களை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். இம்முறை பற்பசையும் பிரஷும் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, அருகிலுள்ள மெய்ன் மாநிலத்தில் தயாராகும் டாம்ஸ் ஆஃப் மெய்ன் நிறுவனத்தின் பொருள்களையே எடுக்கலாம் என்று பலர் சொன்னார்கள்.

உடனே மறுப்பும் எழுந்தது. 2006இலேயே கோல்கேட்-பாமாலிவ் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது என்றும், பெயர் மட்டுமே பழையது என்றும் ஒருவர் சொன்னார். டியூபின் மேல் மறுசுழற்சிக் குறி இருந்தாலும் எங்கள் ஊர்க் குப்பை நிலையத்தில் அதை ஏற்பதில்லை என்றார் இன்னொருவர். பற்பசை எதுவாக இருந்தாலும் பிரஷ் மூங்கிலாக இருந்தால் போதும் என்பது மற்றொருவரின் கருத்து. பிள்ளைகளுக்காக வாங்கும் பொருள் என்பதால், அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குழுவுக்குப் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: டியூப் பொறியாளர்

பற்பசை டியூப் தயாரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டாம்ஸ் ஆஃப் மெய்ன், 1970இல் டாம் சாப்பல், கேட் சாப்பல் என்ற தம்பதியர் கென்னபங்க் ஊரில் 5,000 டாலர் கடனில் தொடங்கிய நிறுவனம். அவர்களின் முதல் சரக்கு பற்பசை அன்று. நீர்நிலைகளைக் கெடுக்கும் பாஸ்பேட் இல்லாத துணி சோப்புத் திரவம். காலியான கலனை வாடிக்கையாளர் அஞ்சலில் திருப்பி அனுப்பினால், அதை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் அப்போதே செய்திருந்தார்கள். பற்பசை 1975இல்தான் வந்தது. ஆகவே, விற்ற பொருளின் உறையும் நம் பொறுப்புதான் என்ற எண்ணம், இந்த நிறுவனத்துக்கு விளம்பரத்துக்காகப் பிற்காலத்தில் ஒட்டவைத்துக்கொண்டது அன்று.

இனி டியூபுக்கு வருவோம். நெடுங்காலம் இவர்கள் அலுமினிய டியூபையே பயன்படுத்தினார்கள். அதை மடக்கி மடக்கிப் பிதுக்கும்போது மடிப்பில் வெடித்துப் பசை கசிகிறது என்ற புகார்கள் வந்ததால், 2011இல் பிளாஸ்டிக் லேமினேட் டியூபுக்கு மாறினார்கள். பயன்படுத்துவதற்கு அது எளிதுதான். ஆனால் சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை அது பின்னோக்கி வைத்த அடி என்பதே என் கருத்து. லேமினேட் டியூப் என்பது பல அடுக்குகளின் ஒட்டு. பசையின் மணம் வெளியேறாமல் காக்க, பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தாள் வைக்கப்பட்டிருக்கும். இந்த அடுக்குகளைப் பிரித்தெடுக்கச் சாதாரண மறுசுழற்சி ஆலைகளில் வழியில்லை என்பதால், உலகெங்கும் இத்தகைய டியூப்கள் குப்பைமேட்டுக்கோ எரியுலைக்கோதான் போய்ச் சேர்ந்தன.

இந்தச் சிக்கலை அவிழ்த்ததில் கோல்கேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். பால் கேன்கள் செய்யப் பயன்படும் எச்.டி.பி.இ. என்ற ஒரே வகைப் பிளாஸ்டிக்கிலேயே முழு டியூபையும் செய்துவிட்டால், அதைக் கேன்களோடு சேர்த்தே உருக்கிவிடலாம். ஆனால் எச்.டி.பி.இ. விறைப்பானது, அதில் டியூப் செய்தால் விரலால் பிதுக்க முடியாது. வெவ்வேறு தரமும் தடிமனும் கொண்ட எச்.டி.பி.இ. அடுக்குகளைச் சேர்த்து, வேண்டிய நெகிழ்வைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க பிளாஸ்டிக் மறுசுழற்சியாளர் சங்கம் 2019இல் அந்த டியூபை அங்கீகரித்தது. அதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த பிராண்ட் டாம்ஸ் ஆஃப் மெய்ன். அதோடு நில்லாமல், அந்தத் தொழில்நுட்பத்தைப் போட்டி நிறுவனங்களோடும் கோல்கேட் பகிர்ந்துகொண்டது. நான் மிகவும் மதிப்பது இந்தச் செயலைத்தான். ஒரே ஒரு நிறுவனத்தின் டியூப் மட்டும் மறுசுழற்சிக்கு உகந்ததாக இருந்தால், எந்த ஆலையும் அதற்காகத் தன் நடைமுறையை மாற்றிக்கொள்ளாது.

உங்களிடம் இருக்கும் டியூப் எந்த வகை என்று அறிய வேண்டுமானால், தீர்ந்தபின் கத்தரியால் நெடுக வெட்டி, விரித்துக் கழுவிப் பாருங்கள். உட்புறம் வெள்ளிபோல் மின்னினால் அதில் அலுமினியத் தாள் இருக்கிறது. எந்தக் குறி போட்டிருந்தாலும் பால் கேன்களோடு சேர்க்காதீர்கள். சுவர் முழுவதும் வெண்மையாக இருந்து, முக்கோணக் குறிக்குள் 2 என்ற எண்ணும் இருந்தால் அது புதிய வகையாக இருக்கும்.

பதில் 2: நியூஜெர்சித் தன்னார்வலர்

பொறியாளர் ஐயாவின் விளக்கம் மிகத் தெளிவு. எங்கள் நகராட்சியின் மறுசுழற்சிக் குழுவில் பணியாற்றுவதால், டியூப் நம் வீட்டை விட்டுப் போனபின் நடப்பதைச் சொல்கிறேன்.

மறுசுழற்சி செய்ய இயலும் பொருள் வேறு, மறுசுழற்சி செய்யப்படும் பொருள் வேறு. தரம்பிரிக்கும் நிலையத்தில் அகச்சிவப்புக் கதிர் பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அங்கே வகை பிரித்துக் கட்டிய பிளாஸ்டிக் கட்டுகளை விலைகொடுத்து வாங்கும் ஆலைக்கு, அதில் ஒரு பழைய அலுமினிய லேமினேட் டியூப் கலந்தாலும் சங்கடம்தான். பழையதும் புதியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், எல்லா டியூபையும் ஒதுக்குவதே பாதுகாப்பு என்று பல ஊர்கள் முடிவு செய்திருக்கின்றன. உங்கள் ஊர் நிலையம் மறுப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தனித்தனியாகக் கேட்காமல், பள்ளியின் பெயரில் எழுத்துமூலம் கேளுங்கள். கேட்பவர் கூடினால்தான் ஏற்புப் பட்டியல் மாறும்.

நிறுவனங்கள் தாமே நடத்தும் திரும்பப் பெறும் திட்டங்களையும் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். உங்கள் மாநிலத்திலேயே 1996இல் தொடங்கப்பட்ட பிரிசர்வ் நிறுவனம், பயன்படுத்திய தயிர்க் கோப்பைகளின் பாலிபுரொபிலீனை உருக்கி பிரஷ் கைப்பிடி செய்து வருகிறது. நான் மனமாரப் பாராட்டும் முயற்சி அது. ஐந்தாம் எண் பிளாஸ்டிக் எனப்படும் அந்தப் பாலிபுரொபிலீனைக் கடைகளில் பெட்டி வைத்துச் சேகரித்த அவர்களின் திட்டம்கூட, 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. எனவே மொத்தமாக வாங்கும் முன், நீங்கள் வாங்கும் நிறுவனத்தின் திரும்பப் பெறும் திட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறதா, அஞ்சல் செலவு யாருடையது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் யார் என்ற வாதத்தைப் பற்றி ஒரு சொல். கோல்கேட் 2006இல் ஏறத்தாழ 10 கோடி டாலருக்கு 84 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. அதன் பின்னும் இலாபத்தில் 10 விழுக்காட்டை நற்பணிகளுக்கு ஒதுக்குவதும், ஊழியர்கள் தம் வேலை நேரத்தில் 5 விழுக்காட்டைத் தொண்டுக்குச் செலவிட ஊதியத்தோடு அனுமதிப்பதும் தொடர்ந்தன. சமூக, சுற்றுச்சூழல் பொறுப்போடு நடக்கும் நிறுவனங்களுக்குத் தரப்படும் பி கார்ப் சான்றும் 2019இல் கிடைத்தது. பெரிய நிறுவனத்துக்குக் கைமாறியது என்ற ஒன்றையே குற்றமாகக் கொண்டு ஒதுக்குவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் 3: மதுரைப் பல் மருத்துவர்

சகோதரி, பிள்ளைகளுக்காக வாங்குவதாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

மூங்கில் பிரஷ் என்றால் கைப்பிடிதான் மூங்கில்; இழைகள் பெரும்பாலும் நைலான். 1938இல் நைலான் முதன்முதலாகக் கடைக்கு வந்ததே பிரஷ் இழையாகத்தான். அதற்கு முன் பன்றிமுடி. இப்போது சில நிறுவனங்கள் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த நைலான் இழை என்று விளம்பரம் செய்கின்றன. மூலப்பொருள் பெட்ரோலியம் அன்று என்பது நல்ல செய்தியே. ஆனால் செடியிலிருந்து வந்தது என்பதால் அது மண்ணில் மக்கிவிடும் என்று பொருளல்ல. தூக்கியெறியும் முன் இடுக்கியால் இழைகளைப் பிடுங்கி எடுத்துவிட்டுக் கைப்பிடியை மட்டும் உரக்குழியில் போடச் சொல்லும் நிறுவனம் உண்மை பேசுகிறது. முழு பிரஷும் மக்கும் என்று எழுதியிருந்தால், இழை எதனால் ஆனது என்று கேளுங்கள்.

2020இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, சாதாரண பிளாஸ்டிக், தலையை மட்டும் மாற்றும் பிளாஸ்டிக், மூங்கில், மின்சார பிரஷ் ஆகிய நான்கையும் அவற்றின் முழு ஆயுளுக்கும் கணக்கிட்டு ஒப்பிட்டது. மின்சார பிரஷ்தான் கடைசி இடம். பருவநிலைப் பாதிப்பில் அது மூங்கிலைப் போல் 11 மடங்கு. தலையை மட்டும் மாற்றும் பிளாஸ்டிக் பிரஷும் மூங்கிலும் முன்னே நின்றன. மூங்கில் வளர்க்க நிலம் வேண்டும் என்பதையும், தொடர்ந்து மறுசுழற்சியாகும் பிளாஸ்டிக்கே சிறந்த வழியாக இருக்கக்கூடும் என்பதையும் அந்த ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

பற்பசையில் ஒரே ஒரு நிபந்தனை: சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு இருக்க வேண்டும். டாம்ஸ் நிறுவனம் அது உள்ளது, இல்லாதது என இரண்டு வகையும் விற்கிறது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு பசை போதும். பிரஷ் முழுநீளத்துக்கும் பசையைப் பிதுக்குவது விளம்பரம் கற்றுத்தந்த பழக்கம். அதை விட்டாலே டியூப் பல மடங்கு நாள் வரும். இங்கிலாந்துப் பல் மருத்துவச் சேவையின் கரிமத் தடத்தில், அதாவது அது வெளியிடும் பசுங்குடில் வாயுக்களின் மொத்த அளவில், ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு, நோயாளிகளும் ஊழியர்களும் மருத்துவமனைக்கு வந்துபோகும் பயணத்தால் வருவது. குழந்தைக்குச் சொத்தை விழுந்து நான்கு முறை காரில் அழைத்துப் போக நேர்ந்தால், மூங்கில் பிரஷால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் கரைந்துவிடும்.

பாஸ்டன்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃப்ளூரைடு உள்ள டாம்ஸ் பற்பசையும், தலையை மட்டும் மாற்றும் பிரஷும் எடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். நகராட்சிக்குப் பள்ளியின் பெயரில் கடிதம் எழுதுகிறோம். ஒரே ஓர் ஐயம்: நிலையம் ஏற்கும் வரை, தீர்ந்த டியூப்களை என்ன செய்வது?

டியூப் பொறியாளர்

வெட்டிக் கழுவிக் காயவைத்து, பள்ளியிலேயே ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். இடம் அடைக்காது, மூடியைக் கழற்றிவிட்டால் தட்டையாக அடுக்கலாம். கடிதத்தோடு அவற்றில் சிலவற்றையும் நிலையத்துக்குக் கொண்டுபோய், பழைய வகையையும் புதிய வகையையும் அருகருகே விரித்துக் காட்டுங்கள். பதில் வந்ததும் இங்கே தெரிவியுங்கள்; வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கும் அது பயன்படும்.