பனிக்காட்டு வேட்டைக்குக் கம்பளியா, பாலியெஸ்டரா? வெளிநாடு கிளம்பும் வேலூர்க்காரர்களுக்கு

கேள்வி: குடியாத்தத்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் கனடா வருகிறேன். ஒன்டாரியோ மாகாணத்தில் தண்டர் பே நகரம்; மர ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை. நேர்காணல் முடிகிற நேரத்தில் பிரிவு மேலாளர், "நவம்பரில் எல்லோரும் மான் வேட்டைக்குப் போவோம், நீயும் கூட வா" என்றார். துப்பாக்கியைத் தொடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் முதல் அழைப்பையே தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. உடையைப் பற்றித் தேடிப் பார்த்தால் பாதிப் பேர் கம்பளி என்கிறார்கள், மீதிப் பேர் செயற்கை இழை என்கிறார்கள். நான் ஸ்வெட்டர் போட்டதெல்லாம் ஏலகிரிக்குச் சுற்றுலா போனபோதுதான். எதை வாங்குவது? வேலூரிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா?

பதில்: ராணிப்பேட்டை, இப்போது தண்டர் பே

தம்பி, தயங்காமல் போ. இந்த ஊரில் உன்னை வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால், நம் ஊரில் பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்.

துணியின் இழையைப் பேசுவதற்கு முன்னால் நிறத்தை முடித்துவிடுகிறேன். ஒன்டாரியோவில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தில், வேட்டைக்காரர் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலுடையும் அதே நிறத் தொப்பியும் அணிந்தாக வேண்டும். இடுப்புக்கு மேலே, எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும்படி, குறைந்தது 2,580 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. இலைதழை வரைந்த ஆரஞ்சுத் துணி அந்தக் கணக்கில் சேராது. நீ சும்மா உடன் போகிறவன்தான், ஆனாலும் போட்டுக்கொள். தூரத்துப் புதருக்குள் அசைவது நீயா மானா என்று இன்னொருவர் யோசிக்கும்படி வைக்கக் கூடாது. மான் பார்த்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம். அதன் கண்ணில் இரண்டு வகை நிற உணரிகள்தான் உண்டு. நமக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும்.

இனி உன் கேள்வி. மேலாளர் எப்படி வேட்டையாடுகிறவர் என்று முதலில் கேள். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து, வெள்ளைவால் மான் வரும்வரை காத்திருப்பார்கள். விடிவதற்கு முன் பனியில் நடந்து பரணுக்குப் போக வேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் பல மணி நேரத்துக்குக் கையைக் காலை ஆட்ட முடியாது. நவம்பர் விடிகாலையில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி வரை இறங்குவது உண்டு. வேலூர்க்காரன் என்ன செய்வான்? இருக்கிறதையெல்லாம் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, சூடேற்றிய வண்டியில் உட்கார்ந்து, பிறகு மூட்டையோடு நடப்பான். பரணை அடையும்போது முதுகு நனைந்திருக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதன் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கோட்டும் உதவாது.

ஆகவே நடக்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். வண்டியை விட்டு இறங்கியதும் லேசாக நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கிறாய் என்று பொருள். கனமான கோட்டைப் பையில் கட்டிக்கொண்டு போ. பரண் அடியில் சற்று நின்று, உடம்பு ஆறியதும் போட்டுக்கொள். கம்பளியா, செயற்கை இழையா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டைக்கு, தோலை ஒட்டி அணியும் உடுப்பு கம்பளியாக இருக்கட்டும் என்பேன். கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்ளே இழுத்துக்கொண்டாலும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை இழுக்கும்போது சிறிது சூட்டையும் வெளியிடும். அது நெடுநேரம் நிற்காது, அதை நம்பிப் போகவும் வேண்டாம். இழையின் இயற்கையான சுருள்தான் முக்கியம். அது காற்றைப் பிடித்து வைக்கிறது, நனைந்தாலும் சப்பென்று படிந்துவிடுவதில்லை. செயற்கை இழையான பாலியெஸ்டர் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட உறிஞ்சாது. வியர்வை இழைகளுக்கு நடுவே நின்று, உடல் சூட்டால் வெளியே நகர்ந்து, சீக்கிரம் உலர்ந்துவிடும். நடந்துகொண்டே இருப்பவருக்கு அது வரம். நடந்துவிட்டு உடனே உட்கார்ந்துவிடுபவருக்கு, அந்த ஈரம் உலரும் நேரம்தான் நடுக்கம்.

பருத்தி மட்டும் வேண்டாம். திருப்பூர் பனியனை அடியில் போட்டு அதன்மேல் ஆயிரம் டாலர் உடுப்பைப் போட்டாலும் வீண்தான். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. ஜீன்ஸும் அப்படியே.

குறுக்கே ஒரு சொல்: ஆம்பூர், இப்போது கால்கரி

ராணிப்பேட்டை அண்ணன் சொன்னது அவர் ஊருக்குச் சரி. ஆல்பெர்ட்டா மேற்கில் மலையடிவாரத்தில் வேட்டை என்றால் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஏறி இறங்குவதுதான். குளிர் வறண்டது. அங்கே கனத்த கம்பளிக் கோட்டு சுமை. ஈரப்பனி பட்டால் இன்னும் சுமை. நான் போடுவது மெல்லிய பாலியெஸ்டர் உள்சட்டை, நடுவில் ஃப்ளீஸ் (பஞ்சுபோல் மெத்தென்ற செயற்கை இழைத் துணி), மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். நின்று பார்க்கும்போது போட்டுக்கொள்ளப் பையில் இறகு அடைத்த ஒரு ஜாக்கெட். இறகு நனைந்தால் அமுங்கிப் பயனற்றுப் போகும். வறண்ட குளிரில் அந்தப் பயம் குறைவு. மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளியில் செய்த ஓர் உள்சட்டையின் விலையில் இரண்டு மூன்று பாலியெஸ்டர் சட்டை வாங்கலாம். புதிதாக வருகிறவனுக்கு வீட்டு வாடகை, முன்பணம் என்று எத்தனையோ இருக்கிறது. கம்பளிதான் வேண்டும் என்று தம்பியைச் செலவில் இழுத்துவிட வேண்டாம்.

பதில்: ராணிப்பேட்டை

ஆம்பூர்த் தம்பி சொன்ன விலைக்கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அவர் மூன்றாம் நாள் கூடாரத்தில் அந்தப் பாலியெஸ்டர் சட்டை எப்படி நாறும் என்பதை எழுதாமல் விட்டுவிட்டார். உடல் எண்ணெயை அந்த இழை பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. கம்பளியில் நாற்றம் குறைவு. மான் மூக்கால் வாழ்கிற பிராணி, அதற்கு இது பெரிய விஷயம். அடுத்தது சத்தம். உறைகுளிரில் நைலான் ஜாக்கெட் கையை உயர்த்தினாலே சரசரக்கும். காற்றில்லாத காலையில் அது காடு முழுவதும் கேட்கும். கம்பளி ஓசையே எழுப்பாது. ஃப்ளீஸும் அமைதியானதுதான், ஆனால் காற்று அதை ஊடுருவும்.

மூன்றாவது நெருப்பு. முகாமில் மாலையில் எல்லோரும் தீயைச் சுற்றி உட்காருவார்கள். பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தாண்டியதும் உருகும். ஒரு பொறி விழுந்தால் சட்டையில் ஓட்டை, தோலில் ஒட்டினால் புண். கம்பளி எளிதில் பற்றாது, உருகவும் உருகாது. பொறி விழுந்த இடம் கருகி நின்றுவிடும்.

பணம் இல்லாதவனுக்கு என் கணக்கு இது: உள்சட்டை, உள்கால்சட்டை, காலுறை மூன்றையும் நல்ல மெரினோவில் வாங்கு. நடுவில் மலிவான ஃப்ளீஸ் போதும். யாரும் பார்க்கப் போவதில்லை. மேலே போடும் தடித்த கம்பளிக் கோட்டையும் கால்சட்டையையும் பழைய துணிக் கடைகளிலும், ராணுவ உபரிச் சாமான் விற்கும் கடைகளிலும் தேடு. ஒருவர் தாத்தா போட்ட கம்பளிக் கால்சட்டை அங்கே இன்னும் விற்பனைக்கு வரும். இன்றைய புதுக் கால்சட்டைகள் பலவற்றைவிட அது மேல். ஓர் அளவு பெரிதாக எடு. உள்ளே மூன்று அடுக்கு போக வேண்டும், இறுகினால் காற்றுக்கு இடமிருக்காது. காலணிக்கும் அதே பேச்சு. ஆம்பூர் ஷூ நம் பெருமைதான், ஆனால் உள்ளே கம்பளிப் படலம் வைத்த பனிக்காலணி வேறு சாதி. அதை இங்கே வந்து, இரண்டு காலுறை போட்டுப் பார்த்து வாங்கு. விரல் உள்ளே அசைய வேண்டும்.

கேள்வி: குடியாத்தம்

மிக்க நன்றி அண்ணா. லாங்கு பஜாரில் ஒரு கடையில் 'சுத்த உல்லன்' என்று தெர்மல் (குளிருக்கான உள்ளுடுப்பு) காட்டினார்கள், மெத்தென்று இருந்தது. வீட்டில் பாட்டியின் கறுப்புக் கம்பளிப் போர்வை ஒன்றும் இருக்கிறது. அதை வெட்டித் தைத்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார்.

பதில்: ராணிப்பேட்டை

அம்மாவின் யோசனைக்கு வணக்கம், ஆனால் பாட்டியின் கம்பளியை வெட்ட வேண்டாம். திருப்பத்தூர்ப் பக்கம் குருமன்ஸ் பழங்குடி மக்கள் நெய்த கம்பளியாக இருந்தால் அதைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்று. தோலில் போட்டால் நீ தாங்கமாட்டாய். சுமார் 30 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய தடித்த இழை வளையாமல் தோலைக் குத்தும், அரிப்பு அதனால்தான். உள்சட்டைக்குப் பயன்படும் மெரினோ இழை 17 முதல் 19 மைக்ரான். கம்பளி என்றாலே அரிக்கும் என்று நம் ஊரில் எல்லோரும் நினைப்பதற்குக் காரணம், நாம் பார்த்ததெல்லாம் முரட்டுக் கம்பளிதான்.

கடைத் துணியைச் சோதிப்பது எளிது. ஆரணியில் பட்டு நூலை எரித்துப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். தையல் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, உங்கள் ஊர்த் தீப்பெட்டியை எடுத்து உரசு. கம்பளியானால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்தால் அணைந்துவிடும், சாம்பலைக் கசக்கினால் பொடியாகும். உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக நின்றால் அது அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர் என்ற செயற்கை இழை. மார்கழியில் நடைபாதையில் விற்கும் ஸ்வெட்டர்களும் மங்கி கேப்பும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஏலகிரிக்குப் போதும்.

துவைப்பதைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவன். ஆட்டுத்தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவோம். காரத்தில் மயிர் கூழாகிவிடும். கம்பளியும் மயிர்தான். சலவைச் சோடா கலந்த முரட்டுத் தூளில் அதை ஊறவைத்தால் மெல்ல மெல்ல அதே கதி. கம்பளிக்கென்று விற்கும் மென்சோப்பு, குளிர்ந்த நீர், பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, தரையில் விரித்து உலர்த்து. வெந்நீரில் போட்டுக் குலுக்கினால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சட்டை குழந்தைக்கு ஆகிவிடும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் இயந்திரம். மற்ற மாதங்களில் அந்துருண்டை போட்டு மூடிவை.

ஒரு குறிப்பு: வேலூர் சத்துவாச்சாரி, இப்போது வின்னிபெக்

செவிலியர் என்ற முறையில் இரண்டு வரி. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. நடுங்குவது முதல் அறிகுறி. பேச்சு குழறுவது, ஜிப்பைப் போடக்கூட விரல் வராதது அடுத்தது. உடம்பு சூடாகாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் உடனே உதவி கூப்பிட வேண்டும். முகாமில் விஸ்கி நீட்டுவார்கள், "உடம்பு சூடாகும்" என்று. ஆகாது, தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்ளிருக்கும் சூடுதான் வெளியே போகும். பிளாஸ்கில் இனிப்புத் தேநீர் கொண்டுபோ. தம்பி, வெட்கப்படாமல் "எனக்குக் குளிர்கிறது, இறங்குகிறேன்" என்று சொல். அவர்கள் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

பதில்: ராணிப்பேட்டை

அக்கா சொன்னதை அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்.

துப்பாக்கி ஆசை பின்னால் வந்தால், மத்திய அரசின் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி, உரிமம், மாகாணத்தின் வேட்டைக் கல்வி எல்லாம் முடிக்க வேண்டும். அதைத் தனியாகப் பேசலாம். இறைச்சியில் உனக்கும் பங்கு தருவார்கள். வாங்கிக்கொள், விற்கமட்டும் கூடாது. ஊரில் அம்மாவிடம் "மான் கறி சாப்பிட்டேன்" என்று சொல்லும்போது, நம் நாட்டில் மான் வேட்டையைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே கிடையாது, இந்த வேட்டை அனுமதியோடு நடப்பது என்பதையும் சேர்த்துச் சொல். இல்லாவிட்டால் வேலூர் பக்கத்து அமிர்திக் காட்டு வனத்துறை வீட்டுக்கே வந்துவிடுமோ என்று பயப்படுவார்.

வேலூரிலிருந்து குளிருடை ஒன்றும் வாங்கி வராதே. விமானம் ஏறும் அன்றைக்கு ஒரு ஸ்வெட்டர் கையில் இருந்தால் போதும். ஆகஸ்டில் இங்கே வெயில்தான். பெட்டியில் மிச்சமாகும் இடத்தில் குடியாத்தம் லுங்கி நாலைந்து வை. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், அங்கே பருத்திதான் சரி. எனக்கும் இரண்டு கொண்டுவா, கட்டம் போட்டது, நீலத்தில்.