பிரிட்டன் காரில் அயர்லாந்து: ரோடு போர்டில் எதைக் கவனிக்கணும்?

கேள்வி: பிரிட்டனின் ஹோலிஹெட் துறைமுகத்தில் காரோடு ஃபெரி ஏறி அயர்லாந்தின் டப்ளின் போறோம். ரெண்டு இடத்திலும் இடப்பக்க ஓட்டம்தான். போர்டு மாறுமா?

பதில்: முக்கியமா வேகம். அயர்லாந்தில் 2005 ஜனவரியிலிருந்து கிலோமீட்டர். பிரிட்டனில் இன்னும் மைல். ரெண்டிலும் சிவப்பு வளையம், கறுப்பு எண். அயர்லாந்து போர்டில் எண்ணுக்குக் கீழே பொடியா கி.மீ. குறி இருக்கும், தவறவிடாதீங்க. 80ஐப் பார்த்து மைல் முள்ளை 80க்கு ஏத்தினா 129 கி.மீ. ஆயிடும்! முள் 50 மைலில் நிக்கணும். டிஜிட்டல் டிஸ்ப்ளேன்னா ஃபெரியிலேயே கி.மீ.க்கு மாத்திடுங்க.

பதில்: எச்சரிக்கை போர்டு பிரிட்டனில் சிவப்பு விளிம்பு முக்கோணம், அயர்லாந்தில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா மாதிரி மஞ்சள் டைமண்ட். தலைகீழ் முக்கோணத்தில் 'கிவ் வே'க்கு (வழி விடு) பதில் 'யீல்ட்'. விதி ஒண்ணுதான்.

பதில்: பெல்ஃபாஸ்ட் போனா மறுபடி மைல், அது பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்து. எல்லையில் நிறுத்த மாட்டாங்க. ஓரத்துப் போர்டைப் பார்த்து நீங்களேதான் மாத்தணும்.