அடுத்த வெட்டு வரைக்கும்

தேவையையும் ஆசையையும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். மாதச் சம்பளத்துக்குச் சொல்லும் கணக்கு இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், எங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சரிவராது. எங்களுடையது மானாவாரிக் காணி, சிறுபோகம் என்ற இரண்டாவது நெல் விளைச்சல் கிடையாது. பெரும்போகம் வெட்டி நெல் விற்ற காசு ஒரேயடியாக வரும். அதை வைத்துத்தான் வருடம் ஓட வேண்டும்.

பெரியம்மா விதைநெல்லை விற்கவே விடமாட்டார். உழவுக்காசு, பசளைக்காசு, பிள்ளைகளின் கொப்பி சப்பாத்து, ஈடு வைத்த நகையின் வட்டி எல்லாம் தனித்தனி என்வலப்பில் போய்விடும். வெட்டு முடிந்த கையோடு வியாபாரிகள் லொறியில் சோபா, டிவி ஏற்றிக்கொண்டு வருவார்கள். "இப்ப கொஞ்சம் தாங்க, மிச்சம் கிழமைக்குக் கிழமை." பெரியம்மா எங்களைத்தான் கேட்பார்: "இது இல்லாம அடுத்த வெட்டு வரைக்கும் இருக்கலாமா மனே?" சோபா இல்லாமல் இருக்கலாம். கிணற்று மோட்டார் இல்லாமல் முடியாது. தம்பி போன் கேட்டபோதும் மறுத்தார். 2020இல் பள்ளிக்கூடம் பூட்டி, பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியதும் அவரே கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தார். போன் என்றால் ஆசை, மோட்டார் என்றால் தேவை என்று பொருளை வைத்துப் பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மருதமுனையிலிருந்து இன்னொருவர்: எங்கள் வீட்டில் கைத்தறி. 2022இல் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது நூல் வாங்கவே காசு போதவில்லை. இறைச்சி, புது உடுப்பு எல்லாம் நின்றது. வாப்பாவின் பின்னேரத் தேத்தண்ணியில் மட்டும் கைவைக்க உம்மா விடவில்லை. நாள் முழுக்கத் தறி மிதிக்கிற மனிசனுக்கு அது தேவைதான். உம்மா சொன்னதுதான் சரி.

வாழைச்சேனையிலிருந்து வேறொருவர்: அக்கா தன் மூத்த மகளின் சாமத்தியச் சடங்குக்கு (பூப்பு நீராட்டு விழா), பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் நுண்கடன் எடுத்தார். நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 35 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018இல் அரசாங்கமே வரம்பு போடும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்த காலம். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, கடைசியில் தாலிக்கொடியும் ஈட்டுக்குப் போனது. சடங்கே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாய்மாமன் வந்து நிற்பதும் சொந்தம் கூடுவதும் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். மண்டபமும் வீடியோவும் ஊருக்காக. இளையவளுக்கு முற்றத்தில் பந்தல் போட்டு, மாமிமார் சேர்ந்து சமைத்தார்கள். கடன் எடுக்கவில்லை.