ஞாயித்துக்கிழமை ரக்பி மேட்ச்சுக்கு ப்ராப் ஆடுற ஒரு ஆள் வேணும் (காட்பாடி)

நம்ம ரக்பி கிளப் பி டீமுக்கு ஞாயிறு காலைல 7 மணிக்கு காட்பாடில மேட்ச், லூஸ்ஹெட் ப்ராப் (ஸ்க்ரம்ல, அதாவது ரெண்டு டீமும் குனிஞ்சு கோத்துக்கிட்டு தள்ளுறப்போ, முன் வரிசைல இடது பக்கம் நிக்கிறவர்) ஆடுற தம்பி செவ்வாய் பிராக்டிஸ்ல தோள்பட்டை பிசகி உக்காந்துட்டான், கைய தலைக்கு மேல தூக்கவே முடியல. 15 பேர மட்டும் இறக்குனாலும் ஃப்ரண்ட் ரோ (அந்த முன் வரிசை) ஆடத் தெரிஞ்சவங்க 3 பேர் வேணும், எங்ககிட்ட இப்போ 2.

ஏ டீம்ல கேட்டாச்சு, அவங்களுக்கும் அதே நாள் சென்னைல ஆட்டம். குடியாத்தம் கபடி பையன் ஒருத்தன் நான் வரேண்ணான்னு நிக்கிறான், நல்ல திடமான ஆளுதான், ஆனா ஸ்க்ரம்ல கழுத்த எப்படி வெக்கணும்னே தெரியாதவன முன்னாடி விட்டு ஏதாச்சும் ஆனா அவங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது. தள்ளாம ஸ்க்ரம் வெச்சுக்கலாமான்னு எதிர் டீம் கேப்டன்கிட்ட கேட்டா இழுக்குறாரு (அவங்க பலமே அதான, பின்ன).

ஸ்டேஷன்லேர்ந்து பைக்ல கூட்டிட்டு போயிடுவோம், டிஃபன் நம்ம செலவு. வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் நெஜமாவே ப்ராப் ஆடின யாராவது ஞாயிறு 6:30க்கு காட்பாடி வர முடியுமா?